நெருப்புக் காட்டாத தகடு

எங்கள் மாத்தளையில் நகை செய்யத் தங்கம் கொடுக்கிறவர்கள் கடையின் முன்பக்கத்தில் உட்காரமாட்டார்கள். பின்னால் பட்டறைக்குள் போய், பத்தர் தங்கத்தை உருக்குவதிலிருந்து தகடாக்கி முடிக்கும் வரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்காவின் வளையலுக்கு என் அம்மாவும் அப்படித்தான் ஒரு காலைப்பொழுது முழுக்க முக்காலியில் குந்தியிருந்தார். பத்தர் மேல் சந்தேகம் என்று இல்லை. அது ஒரு பழக்கம். பத்தரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் கொடுத்தது தங்கம் இல்லை. அதனால் முன்பக்கம் உட்கார்ந்து டீ குடித்தேன். அந்த ஒரு டீயில் என் ஐந்து மாதம் போயிற்று. இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். மாத்தளையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். ஆராய்ச்சிப் பட்டம் முடித்தால்தான் வேலை நிலைக்கும். அந்த வருடக் கடைசியோடு என் பதிவுக் காலம் முடிகிறது. இனித் தவணை கிடையாது என்று கடிதமே வந்துவிட்டது. இந்த நிலைமையில் நான் ஆராய எடுத்துக்கொண்ட பொருளின் பெயர் உயர் எந்திரப்பிக் கலப்புலோகம். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். வழமையான கலப்புலோகத்தில் ஒரு உலோகம்தான் சோறு, மற்றதெல்லாம் உப்பும் புளியும். இதில் அப்படி இல்லை. கோபால்ட், குரோமியம், இரும்பு, மங்கனீஸ், நிக்கல் என்று ஐந்தும் சம பங்கு.

இந்த உலோகம் எவ்வளவு பலமானது என்று கேட்டால் அதற்கு ஒரே பதில் கிடையாது. அதை என்ன பாடு படுத்தினோம் என்பதைப் பொறுத்தது. வார்த்தெடுத்த கட்டி மெதுமையாக இருக்கும். அதைச் சூடாக்காமல் உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி நசுக்கித் தகடாக்கினால் விறைத்துப்போய் மிகவும் பலமாகிவிடும். பிறகு உலையில் வைத்துக் காய்ச்சினால், எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தோமோ அதற்கேற்ப மறுபடி இளகும். ரொட்டிக்கு மா பிசைந்த கைக்கு இது தெரியும். பிசையப் பிசைய விறைக்கிற மா, துணி போட்டு மூடிவிட்டால் கொஞ்ச நேரத்தில் சொன்னபடி கேட்கும். எந்தச் சூட்டில் எவ்வளவு இளகுகிறது, இளகும்போது பலத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்கு முதல் தேவை, சூடே காணாமல் நசுக்கப்பட்ட தகடு.

கட்டிகளை என் மேற்பார்வையாளர் மேடமின் சிநேகிதி ஒருவர் வெளிநாட்டில் உருக்கி அனுப்பியிருந்தார். விரல் நீளத்தில் இரண்டே இரண்டு கட்டிகள். பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் இருந்த தகடாக்கும் மெஷினோ மோட்டார் எரிந்து, நீலத் தறப்பாளைப் போர்த்திக்கொண்டு ஒரு வருடமாகத் தூங்குகிறது. திருத்தும் ஆளுக்கு எழுதினோம், உதிரிப்பாகத்துக்கு எழுதினோம், எழுதியதற்குப் பதில் வரவில்லை என்றும் எழுதினோம். ஒருநாள் பஸ்ஸில் நின்றபடி தொங்கிக்கொண்டு வரும்போதுதான் அக்காவின் வளையல் ஞாபகம் வந்தது. நகைப் பட்டறையிலும் இரண்டு உருளைகள்தானே சுற்றுகின்றன!

கடை முதலாளியை ஊரே நானா என்றுதான் கூப்பிடும். பரம்பரையாக மாத்தளையில் வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். பின்பக்கத்துப் பட்டறை, இரத்தோட்டையிலிருந்து வந்து போகிற ஒரு பத்தருடையது. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மெஷின் அவருடைய சொந்தம். வேலை முழுக்க நானாவின் கடைக்கு.

நான் கட்டியை மேசையில் வைத்ததும் நானா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“வெள்ளியா மிஸ்?”

“இல்ல நானா. அஞ்சு உலோகம் கலந்தது. தகடாக்கித் தரணும். தங்கத்துக்குச் செய்ற மாதிரியே செஞ்சா போதும்.”

தங்கத்துக்குச் செய்கிற மாதிரியே. இந்த வாயால்தான் சொன்னேன். உலோகங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற வாய் இது.

“இரிங்க மிஸ், டீ ஒண்டு குடிங்க. உள்ள எல்லாம் புகை. உங்க சாரி பழுதாப் போகும்,” என்று நானா கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார். “பத்தர், நம்ம மிஸ்ஸுட சாமான். நல்லா செஞ்சு குடுங்க.”

டீ வந்தது. கல்யாணப் பெண் ஒருத்தியும் அவளுடைய சொந்தக்காரர்களும் வந்து நெக்லஸ் பார்த்தார்கள். நானும் கூடவே பார்த்தேன். உள்ளே மோட்டார் ஓடுவதும் நிற்பதும் மறுபடி ஓடுவதும் கேட்டது. நின்ற நேரங்களில் அங்கே என்ன நடக்கிறது என்று எழுந்துபோய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சாம்பல் நிறக் கட்டியில் யார் என்ன திருடப்போகிறார்கள்?

ஒன்றரை மணி நேரத்தில் தகடு வந்தது. ஒன்பது துண்டாக வெட்டி, பளபளவென்று தேய்த்து, நகை சுற்றுகிற ரோஸ் நிறத் தாளில் மடித்து, சின்னப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே, மிஞ்சிக் கிடந்த அந்த வருடத்துக் கலண்டர் ஒன்று. நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அந்தக் கடைக்குள் நான் போனதையும் ரோஸ் தாளோடு வந்ததையும் பார்த்த எதிர்வீட்டு அம்மா, நான் வீடு சேர்வதற்கு முன்பே அம்மாவிடம், “மகளுக்குத் தாலிக்குக் குடுத்தாச்சாமே?” என்று விசாரித்திருந்தார். அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அணைக்கிற வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது.

பிறகு தொடங்கியது என் தரித்திரம். ஒன்பது துண்டில் ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற எட்டையும் ஒவ்வொரு சூட்டில் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். ஒவ்வொன்றையும் மெருகேற்றி, வைரமுனையால் அழுத்தி, விழுந்த குழியை அளந்தேன். குழி சின்னதானால் உலோகம் கடினம், பெரிதானால் மென்மை. குறைந்த சூட்டில் கடினமாகவும், சூடு ஏற ஏற மென்மையாகவும் ஒரு சரிவு வரவேண்டும். எனக்கு வந்ததோ மேசை விளிம்பு போல நேர்க்கோடு. எட்டுத் துண்டும் காய்ச்சாத ஒன்பதாவதும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

உலையின் வெப்பமானியைச் சந்தேகப்பட்டேன். அதை மாற்றினோம். கரண்ட் போய்ப் போய் வந்த நாட்களைச் சந்தேகப்பட்டேன். லீவு நாட்களில் வந்து திரும்பவும் காய்ச்சினேன். அளக்கிற கருவியை, மெருகேற்றுகிற தாளை, என் கண்ணை, கடைசியில் வெளிநாட்டுச் சிநேகிதியையே சந்தேகப்பட்டேன். ஒருவரையாவது மிச்சம் வைத்தேனா என்றால், வைத்தேன். டீ கொடுத்தவர்களை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

அதற்கு நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. மூன்றாம் மாதத்தில் எனக்கு வேறொரு எண்ணம் வந்தது. ஒருவேளை இந்த உலோகம் சூட்டுக்கு மசியாத உலோகமாக இருந்தால்? எவ்வளவு காய்ச்சினாலும் பலம் குறையாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேனோ? நான் அதை நம்பினேன். ஐந்தாம் மாதக் கடைசியில் வந்த துறைக் கருத்தரங்கில் எழுந்து நின்று வர்ணப் படங்களோடு சொன்னேன். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி கையை உயர்த்தி, வார்த்த கட்டி எவ்வளவு கடினம், தகடு எவ்வளவு கடினம் என்று அடக்கமாகக் கேட்டாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று என் வாயாலேயே சொன்னேன். “அப்ப நசுக்கினதுல ஒண்ணும் நடக்கலையா மிஸ்?” என்றாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் அந்த ஒன்பதாவது துண்டை அமிலத்தில் தோய்த்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். உலோகம் முழுக்கப் பொடிப்பொடி மணிகளால் ஆனது; சூடு காணாமல் நசுக்கினால் அந்த மணிகள் மிதிபட்ட மாதிரி நீண்டு தட்டையாகக் கிடக்கும். இதில் எல்லாம் உருண்டையாக, புத்தம் புதிதாக, நேர்நேரான வரிகளோடு உட்கார்ந்திருந்தன. அந்த மாதிரி மணிகள் நெருப்பில்தான் பிறக்கும். என் உலைக்குள் போவதற்கு முன்பே என் தகடு நெருப்பைப் பார்த்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனேன். நானாவின் சலாத்துக்குக்கூடப் பதில் சொல்லாமல் திரைச்சீலையை விலக்கிப் பட்டறைக்குள் நுழைந்தேன். பத்தர் ஒரு சங்கிலியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அன்னைக்கு என் தகட்டுக்கு நெருப்புக் காட்டினீங்களா?”

“காட்டாம எப்புடிங்க மிஸ்?” என்றார் ஆச்சரியமாக. “நாலு வாட்டி உருளையில விட்டா சாமான் வெறைச்சிரும். பழுக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டு, அப்புறம் திரும்ப விடுவோம். தங்கத்துக்கும் அப்புடித்தானே செய்யிறது?”

“எத்தனை வாட்டி காட்டினீங்க?”

“எண்ணலைங்க. ஏழெட்டு இருக்கும். கடைசியாவும் ஒரு வாட்டி காட்டித்தான் குடுத்தேன், நீங்க வளைக்கிறதுக்கு லேசா இருக்கட்டும்னு.”

கடைசியாகவும் ஒரு தடவை. என் வசதிக்காக. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விறைத்தால்தான் எனக்கு வேலை, அந்த விறைப்பைத்தான் நான் அளக்க வேண்டும், நீங்கள் ஒவ்வொரு தடவையும் அதை நெருப்பில் துடைத்து எறிந்திருக்கிறீர்கள் என்று குரல் உயர்த்திக் கத்திவிட்டேன். நானா திரைச்சீலை ஓரத்தில் வந்து நின்றார்.

“ஏன் ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்கல?”

பத்தர் ஊதுகுழாயைக் கீழே வைத்தார். “அது சும்மா வெறைக்கலைங்க மிஸ். தங்கம், வெள்ளி மாதிரி இல்ல. மெஷின் முனகிருச்சு. இப்புடியே விட்டா ரோலர்ல தடம் விழுந்துரும்னு பயந்துட்டேன். நீங்க முன்னுக்கு டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்க. நானா வேற, நம்ம மிஸ், நல்லா செஞ்சு குடுங்கன்னாரு. உங்க சாமான் என் மெஷினைக் கெடுக்குதுன்னு உங்ககிட்ட வந்து சொன்னா நல்லாவாங்க இருக்கும்?”

மரியாதை! என் ஐந்து மாதமும் போனது மரியாதையால். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அதில் பாதி அவர் மேல், மீதிப் பாதி என் மேலேயே. அந்த முக்காலியில் என் அம்மா உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்குத் தன் பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிந்திருந்தது.

பையில் இரண்டாவது கட்டி இருந்தது. கடைசிக் கட்டி. பதிவுக் காலம் முடிய மூன்று மாதமே மிச்சம்.

“இன்னொண்ணு இருக்கு. இதுக்கு நெருப்பே காட்டக்கூடாது. நான் இங்கேயே உட்கார்ந்து பார்ப்பேன்.”

பத்தர் கட்டியையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். “ரோலர் தாங்குமான்னு தெரியலையேங்க. கல்யாண மாசம் வேற வருது.”

“இது இல்லேன்னா என் வேலையே போயிரும் அண்ணே.”

அது உண்மை. ஆனால் அதைச் சொன்ன விதத்தில் ஒரு அதட்டல் இருந்தது. ஏற்கெனவே கெடுத்தவர் நீங்கள், அதனால் நீங்கள்தான் ஈடு செய்ய வேண்டும் என்கிற அதட்டல். அவருக்கு அது விளங்கியது. மறுபேச்சில்லாமல் எழுந்தார்.

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அவர் சக்கரத்தைக் கால் சுற்று இறுக்கி, கட்டியை உருளைகளின் நடுவே விட்டார். ஓரத்தில் விட்டால் வளைந்துவிடும் என்றார். மறுபக்கத்தில் வந்ததை எடுத்துத் திருப்பி, இன்னும் கொஞ்சம் இறுக்கி, மறுபடி விட்டார். முதல் பத்துத் தடவை சத்தமே இல்லை. பிறகு மெஷின் முனக ஆரம்பித்தது. பிறகு மேசையும் சேர்ந்து அதிர்ந்தது. பத்தரின் கை பழக்கத்தில் இரண்டு தடவை ஊதுகுழாயைத் தேடிப் போனது. இரண்டு தடவையும் நான், “அண்ணே!” என்றேன். கையை இழுத்துக்கொண்டார்.

கட்டியின் பருமன் பாதியான இடத்தில் மோட்டாரை நிறுத்தினார். எண்ணெய்த் துணியால் மேல் உருளையைத் துடைத்து, லைட்டைக் கிட்ட இழுத்து, எனக்குக் காட்டினார். உருளையின் நடுவில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு. என் தகட்டின் விளிம்பு இழுத்தது.

அவர் போதும் என்று சொல்லவில்லை. சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை நான் பக்கத்திலேயே இருந்தேன், அவரும் கேட்டுவிட்டார். பதில் என்னிடம் இருந்தது. எனக்குத் தேவையான மெல்லிசுக்கு இன்னும் பாதித் தூரம் போகவேண்டும். பாதியில் நிறுத்தினால் பாதி விறைப்பு. அதை வைத்துக்கொண்டு பரீட்சகர்கள் முன்னால் நிற்க முடியாது என்று நினைத்தேன்.

“இன்னும் கொஞ்சம்,” என்றேன்.

விட்டார். நிறுத்தினார். பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் அண்ணே.”

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. விடுவதும் இறுக்குவதுமாகத் தானே நான் சொன்ன அளவுக்குக் கொண்டுபோனார். தகடு கையில் வந்தபோது சுடவில்லை, நசுங்கிய உழைப்பில் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. வளைத்துப் பார்த்தேன். வளைய மறுத்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு எனக்கு மனம் விட்டுச் சிரிப்பு வந்தது. உருளையை மறுபடி பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ரோஸ் தாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

தகடு ஏமாற்றவில்லை. வார்த்த கட்டியைவிட இரண்டு மடங்குக்கும் மேலே கடினம். மிதமான சூட்டில் காய்ச்சிய துண்டு நான் எதிர்பார்க்காத விதமாகக் கொஞ்சம் கூடவே இறுகியது. அதற்கு மேல் போகப்போக இளகி, நல்ல சூட்டில் பழைய மெதுமைக்கே வந்து சேர்ந்தது. நான் ஐந்து மாதமாகத் தேடிய சரிவு தாளில் தானாக இறங்கியது. மேடம் முதல் தடவையாக என் முதுகில் தட்டினார். பதிவு முடிய நான்கு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தேன். பரீட்சகர்கள் மற்ற எல்லாவற்றையும் கேட்டார்கள், தகடு எப்படி வந்தது என்பதை மட்டும் கேட்கவில்லை. அதற்கு நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: அறை வெப்பநிலையில், இடையில் சூடாக்காமல், உருளைகளால் தகடாக்கப்பட்டது. செயப்பாட்டு வினை மிகவும் வசதியானது. அதில் யாருடைய கையும் இருப்பதில்லை.

வேலை நிலையான மாதம் அக்கா மகளுக்கு ஒரு சோடி வளையல் செய்து போடலாம் என்று அம்மா சொன்னார். தங்கத்தோடு நான்தான் போனேன். பையில் புத்தகமாகக் கட்டிய ஆய்வேடும் இருந்தது, பத்தருக்குக் காட்டலாம் என்று. நானா வழமைபோல் கதிரையை இழுத்தார். நான், இல்லை நானா, உள்ளே உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டு முக்காலிக்குப் போனேன். டீயை உள்ளேயே அனுப்பச் சொல்கிறேன் என்றார் நானா. வேண்டாம், முடிந்ததும் முன்பக்கம் வந்து குடிக்கிறேன் என்றேன்.

பத்தர் சிரித்த முகமாகத்தான் வரவேற்றார். தங்கத்தை உருக்கினார், ஊற்றினார், உருளையில் விட்டார், நெருப்புக் காட்டினார், தண்ணீரில் போட்டார், மறுபடி விட்டார். அந்தச் சூடும் தண்ணீரும் எனக்கு இப்போது எரிச்சல் தரவில்லை. தகடு முடிந்ததும் அதை லைட்டுக்குக் கீழே பிடித்து, கட்டைவிரல் நகத்தால் நடுவில் தடவினார். ஒரு இடத்தில் நகம் தட்டி நின்றது. பக்கத்திலிருந்த மெல்லிய அரத்தை எடுத்து, நீளத்துக்கு, பொறுமையாக ராவத் தொடங்கினார். விரித்திருந்த தாளில் தங்கத் தூள் விழுந்தது.

“என்னண்ணே ராவுறீங்க?”

“ஒண்ணுமில்லைங்க மிஸ். உங்க கோடு.”

நான் எழுந்து மெஷினைப் பார்த்தேன். உருளையின் நடுவில், நான் கடைசியாகப் பார்த்த மயிர் இப்போது நூலாக இருந்தது.

“எல்லா நகையிலயும் விழுதா?”

“அகலத் தகடு எல்லாத்துலயும் விழும். ராவி எடுத்துருவேன். தூளைச் சேர்த்து வச்சுத் திருப்பிக் குடுத்துருவேன், யாருக்கும் நட்டமில்ல.” அரத்தை நிறுத்தாமலே சொன்னார். “ரோலரைக் கழட்டிக் கொழும்புக்குத்தான் அனுப்பணும். ஒரு மாசம் பட்டறை கெடக்கும். அதான் இப்புடியே ஓட்டுறேன்.”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“உங்களுக்குப் படிப்பு முடிஞ்சு வேலையும் சரியாயிருச்சுன்னு நானா சொன்னாரு. அப்புறம் என்னத்துக்குங்க அதெல்லாம்?”

மறுபடியும் அதே மரியாதை. கத்தலாம் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? இந்தத் தடவை என்னைத் தவிர யாரும் இல்லை. ஆய்வேட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

“மிஸ், டீ ஆறிப் போகுது!” என்று திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து நானா கூப்பிட்டார். அரம் போய்வரும் சத்தம் நிற்கவில்லை. நான் முன்பக்கம் போகாமல் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தேன்.